10 ஷெகல் அபராதம்: ஹைஃபா காப்பகங்களில் 20 வாரங்கள்

இஸ்ரேலின் வடக்கே உள்ள துறைமுக நகரம் ஹைஃபா. அங்கே 1998 ஜனவரி முதல் ஜூன் வரை நடந்த ஓர் ஆய்வின் நடுவே, குழந்தையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில தனியார் பகல்நேரக் குழந்தைக் காப்பகங்கள் அபராதம் விதித்தன. அதன் பிறகு தாமதம் கூடியது. யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற இரு பொருளியலாளர்கள் இதை நடத்திப் பதிவு செய்து, 2000 ஜனவரியில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் சட்ட ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள்.

மேலாண்மைப் பயிற்சி வகுப்புகளில் இந்தக் கதை அடிக்கடி வரும். "பணம் உள்ளே வந்தால் மனசாட்சி வெளியே போய்விடும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பதிவை முழுதாகப் படித்தால் அந்த ஒரு வரி போதவில்லை. அபராதம் எவ்வளவு, எங்கே ஒட்டினார்கள், எப்போது வசூலித்தார்கள், அதற்கு முன்பு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்று ஒவ்வொன்றும் பெற்றோரின் முடிவில் கை வைத்திருக்கிறது. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

பின்னணி

ஆய்வில் இருந்தவை 10 காப்பகங்கள். எல்லாம் நகரத்தின் ஒரே பகுதியில் இருந்தவை, தங்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லாதவை. ஒவ்வொன்றிலும் முப்பதை ஒட்டிய எண்ணிக்கையில் சின்னக் குழந்தைகள். உரிமையாளரே நிர்வாகியும்கூட, உடன் உதவிக்குச் சில ஆசிரியைகள். காலை 7.30-க்குத் திறந்து மாலை 4 மணிக்கு மூடுவார்கள். மாதக் கட்டணம் 1,400 ஷெகல், அன்றைய மதிப்பில் சுமார் 380 டாலர்.

சேர்க்கும்போது பெற்றோர் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் மாலை 4 மணி என்ற நேரம் இருந்தது. 4 மணிக்கு வராவிட்டால் என்ன ஆகும் என்பது இல்லை. நடைமுறையில், யாராவது ஒரு ஆசிரியை அந்தக் குழந்தையோடு காத்திருப்பார். இதை முறை வைத்து மாறி மாறிச் செய்தார்கள். இதுவும் வேலையில் சேர்ந்ததுதான் என்று சேரும்போதே அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். தண்டனை எதுவும் இல்லாத அந்த நாட்களிலும் 4.30-ஐத் தாண்டி வந்தவர்கள் அபூர்வம். எழுதி வைக்காத ஏதோ ஒன்று பெற்றோரை அந்த அரை மணி நேரத்துக்குள் கட்டி வைத்திருந்தது. அது என்னவென்று யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. அதன் மேல்தான் அபராதம் போய் உட்கார்ந்தது.

முதல் 4 வாரங்கள்

இந்தக் காலத்தில் எதையும் மாற்றவில்லை, எண்ணிக்கை மட்டும் எடுத்தார்கள். 10 காப்பகங்களிலும் ஒவ்வொரு வாரமும் எத்தனை பெற்றோர் தாமதமாக வந்தார்கள் என்ற கணக்கு. பெரும்பாலானோர் பெரும்பாலான நாட்களில் நேரத்துக்கு வந்தார்கள். தாமதமாக வருகிறவர்கள் எல்லா இடத்திலும் இருந்தார்கள், ஆனால் நிலைமை கையை மீறிப் போகவில்லை. காப்பகங்களுக்கு நடுவே பெரிய ஏற்றத்தாழ்வும் தெரியவில்லை. ஆய்வு நடப்பது பெற்றோருக்குத் தெரியாது.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

5-வது வாரத் தொடக்கத்தில், 10-ல் 6 காப்பகங்களில் அபராதம் அறிமுகமானது. மற்ற 4 இடங்களில் எதையும் தொடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவை தேவைப்பட்டன.

முடிவுக்குப் பின்னால் இருந்த எண்ணம் எளிமையானது, சட்டமும் பொருளியலும் காலங்காலமாக நம்பி வந்தது. ஒரு செயலுக்குப் புதிதாக ஒரு கெட்ட விளைவைச் சேர்த்து, மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டால், அந்தச் செயல் குறைய வேண்டும். எவ்வளவு குறையும் என்பதில் வாதம் இருக்கலாம். கூடும் என்று அந்தக் கணக்கில் வராது.

செய்தி அறிவிப்புப் பலகை வழியாகத்தான் போனது. அறிவிப்பின் சாரம் இது: காப்பகம் மூடும் நேரம் 4 மணி என்பது உங்களுக்குத் தெரியும். சில பெற்றோர் தாமதமாக வருவதால், வரும் ஞாயிறு முதல் (அங்கே வேலை வாரம் ஞாயிறன்று தொடங்கும்), 4.10-க்குப் பிறகு கூட்டிப்போகும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு முறையும் 10 ஷெகல் அபராதம். மாதம் முழுவதற்கும் கணக்கிட்டு, வழக்கமான கட்டணத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். கீழே நிர்வாகியின் கையெழுத்து.

நாலைந்து வரிதான். ஆனால் அதில் பல முடிவுகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, தொகை. 10 ஷெகல் என்பது அன்று 3 டாலருக்கும் குறைவு, மாதக் கட்டணத்தில் ஒரு சதவீதம்கூட வராது. அதே காலத்தில் இஸ்ரேலில் தவறான இடத்தில் காரை நிறுத்தினால் 75 ஷெகல் அபராதம். வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு மணிக்கு 15 முதல் 20 ஷெகல் கொடுக்க வேண்டும். ஆக, அரை மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வெளியே ஆகும் செலவும் இந்த அபராதமும் கிட்டத்தட்ட ஒன்று. யாராவது அப்படிக் கணக்குப் போட்டார்களோ இல்லையோ, தொகை பயமுறுத்தும் அளவில் இல்லை.

இரண்டாவது, 4.10 என்ற எல்லை. அதைத் தாண்டிய பிறகு 4.12-க்கு வந்தாலும் 4.28-க்கு வந்தாலும் அதே 10 ஷெகல்தான். சிக்னலில் மாட்டி 4.11 ஆகிவிட்ட ஒருவர் விரைந்து வருவதற்கு அபராதம் ஒரு காரணமும் தரவில்லை.

மூன்றாவது, வசூலிக்கும் நேரம். தாமதமாக வந்த அன்றைக்கு, வாசலில், அந்த ஆசிரியையின் கையில் பணம் கொடுக்க வேண்டியதில்லை. மாதக் கடைசியில் 1,400-ஓடு சேர்ந்து 20 அல்லது 30 வரும், அதோடு சரி. காத்திருந்த ஆசிரியைக்கு அதில் பங்கு உண்டு என்று அறிவிப்பில் ஒரு சொல்லும் இல்லை.

5 முதல் 16-வது வாரம் வரை

அபராதம் போட்ட 6 காப்பகங்களில் தாமதமாக வருபவர்களின் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. ஒரே நாளில் எகிறவில்லை. இரண்டு மூன்று வாரம் படிப்படியாகக் கூடி, பழைய அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கில் போய் நின்றது. 16-வது வாரம் வரை அதே நிலைதான். அபராதம் இல்லாத 4 காப்பகங்களில் எண்ணிக்கை பழையபடியே இருந்தது. எனவே குளிர்காலம், பள்ளி விடுமுறை, போக்குவரத்து என்று வேறு காரணம் சொல்ல இடமில்லை.

அந்த இரண்டு மூன்று வார இடைவெளி எனக்கு முக்கியமாகப் படுகிறது. பலகையைப் படித்ததுமே பெற்றோர் எல்லோரும் "இனி காசு கொடுத்துத் தாமதமாக வரலாம்" என்று முடிவெடுத்திருந்தால் முதல் வாரத்திலேயே உச்சம் வந்திருக்கும். நடந்தது வேறு மாதிரித் தெரிகிறது. ஒருவர் ஒரு நாள் தாமதமாக வருகிறார். ஆசிரியை முகம் சுளிக்கவில்லை, நிர்வாகி கூப்பிட்டுப் பேசவில்லை, கணக்கில் 10 ஷெகல் ஏறியது, அவ்வளவுதான். அடுத்த முறை அவருக்குத் தயக்கம் குறைகிறது. வாசலில் அவரைப் பார்த்த இன்னொருவருக்கும் குறைகிறது. பெற்றோரை யாரும் பேட்டி காணவில்லை என்பதால் இது ஊகம்தான், ஆனால் எண்கள் ஏறிய விதத்தோடு ஒத்துப் போகிற ஊகம்.

17-வது வாரம்: அபராதம் நீக்கம்

17-வது வாரத் தொடக்கத்தில் அபராதத்தை எடுத்துவிட்டார்கள். அதே பலகையில் இன்னொரு அறிவிப்பு, காரணம் எதுவும் எழுதாமல். யாராவது கேட்டால், அது சில காலத்துக்கான சோதனை, அதன் பலனை இப்போது பரிசீலித்துக்கொண்டிருக்கிறோம் என்று நிர்வாகிகள் சொல்ல வேண்டும் என ஏற்பாடு.

தாமதம் குறையவில்லை. 20-வது வாரம் வரை அந்த இரட்டிப்பு நிலையிலேயே நின்றது. முதல் 4 வாரங்களில் இருந்த அதே விதிகள்தான் இப்போதும், அதே கட்டடம், அதே ஆசிரியைகள், அதே 4 மணி. ஆனால் பெற்றோர் பழைய பெற்றோராக இல்லை. காப்பகங்களின் பக்கமிருந்து பார்த்தால் இது எல்லாவற்றிலும் மோசமான நிலை. அபராதப் பணமும் வரவில்லை, முன்பிருந்த கட்டுப்பாடும் இல்லை.

ஏன் இப்படி ஆனது

ஆய்வாளர்கள் இரண்டு விளக்கங்களை வைக்கிறார்கள். வெளியே பரவியது ஒன்றுதான்.

பரவிய விளக்கம் இது. அபராதத்துக்கு முன்பு, 4 மணிக்கு மேல் ஆசிரியை காத்திருப்பது பெற்றோரின் கண்ணில் ஓர் உதவி. உதவியை ஓரளவுக்கு மேல் வாங்கக் கூச்சம் வரும். "பாவம், அவருக்கும் வீடு இருக்கிறது, நாளைக்கு எப்படி அவர் முகத்தில் முழிப்பது" என்ற தாட்சண்யம்தான் கடிகாரத்தைப் பார்க்க வைத்தது. 10 ஷெகல் வந்ததும் அதே காத்திருப்பு விலை போட்ட சேவையாகிவிட்டது. காசு கொடுத்து வாங்குகிற சேவையைத் தேவைப்படும் அளவுக்கு வாங்கிக்கொள்வதில் யாருக்கும் கூச்சம் இல்லை. அபராதம் என்று பலகையில் எழுதியிருந்தாலும் பெற்றோர் அதைக் கட்டணமாகத்தான் வாசித்தார்கள்.

இன்னொரு விளக்கம் அவ்வளவு பேசப்படவில்லை. எனக்கு அது இன்னும் பயனுள்ளதாகத் தெரிகிறது. ஒப்பந்தத்தில் தாமதத்தின் விளைவு எழுதப்படவில்லை அல்லவா? அப்படியென்றால் பெற்றோருக்கு அது தெரியாது. நாலு தடவை தாமதமாக வந்தால் நிர்வாகி என்ன செய்வார்? கடுமையாகப் பேசுவாரா, அடுத்த வருடம் இடமில்லை என்று சொல்லிவிடுவாரா, அதெல்லாம் போகட்டும், குழந்தையை முன்போல் கவனித்துக்கொள்ளாமல் இருந்துவிடுவார்களா? தெரியாத வரை மனிதர்கள் எல்லையை ஒட்டி நடக்க மாட்டார்கள், கொஞ்சம் தள்ளியே நிற்பார்கள். 10 ஷெகல் அறிவிப்பு அந்தப் பயத்தைப் போக்கிவிட்டது. நடக்கக்கூடிய மிக மோசமான விளைவே இவ்வளவுதான் என்று நிர்வாகமே எழுதி ஒட்டிவிட்டது. இவரிடம் இதற்கு மேல் கடுமையான ஆயுதம் இல்லை, இருந்தால் அதையல்லவா எடுத்திருப்பார் என்ற முடிவுக்கு வருவது புத்திசாலித்தனமும்கூட.

அபராதத்தை நீக்கிய பிறகும் தாமதம் நீடித்ததை இரண்டு விளக்கங்களாலும் சொல்ல முடியும். முதலாவதன்படி, ஒரு முறை விலைப்பொருளான உதவி மறுபடி உதவியாவதில்லை. விலை பூஜ்யமானால் இன்னும் வசதி. இரண்டாவதன்படி, நிர்வாகி எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொண்டதை, அறிவிப்பைக் கிழிப்பதால் மறக்க வைக்க முடியாது. ஆகவே இந்த 20 வாரக் கணக்கை மட்டும் வைத்து எது சரி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்தே வேலை செய்திருக்கலாம். ஆனால் பரிகாரம் வேறு வேறு. முதலாவது சரியென்றால் பணத்தையே உள்ளே கொண்டுவரக் கூடாது. இரண்டாவது சரியென்றால் பணம் பிரச்சினையில்லை, தொகை சின்னதாக இருந்ததும், விளைவு இதற்கு மேல் போகாது என்று உறுதியாகத் தெரிந்துவிட்டதும்தான் பிரச்சினை. பயிற்சி வகுப்புக்காரர்கள் முதலாவதை மட்டும் சொல்லிவிட்டுப் போவதால் இந்த வேறுபாடு காணாமல் போகிறது.

தொகை சின்னதாக இருந்தது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதே இருவர் இஸ்ரேலில் செய்த இன்னொரு சோதனை உதவும். நன்கொடை திரட்ட வீடு வீடாகப் போன உயர்நிலைப் பள்ளி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இந்தப் பணியின் அருமையைப் பற்றிய பேச்சு மட்டும். ஒரு குழுவுக்குத் திரட்டுவதில் 1 சதவீதம் ஊக்கத்தொகை, மற்றொன்றுக்கு 10 சதவீதம். ஊக்கத்தொகை நன்கொடையிலிருந்து எடுக்கப்படாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதிகம் திரட்டியது ஒன்றும் வாங்காத குழு. அடுத்தது 10 சதவீதக் குழு. கடைசியில் நின்றது 1 சதவீதக் குழு. பணம் வந்ததும் பழைய உந்துதல் போய்விடுகிறது. தொகை சொற்பமாக இருந்தால் அந்த இடத்தை நிரப்ப அதனால் முடிவதில்லை. ஹைஃபாவிலும் அபராதம் போதிய அளவு பெரிதாக இருந்தால் தாமதம் குறைந்திருக்கும் என்பதை ஆய்வாளர்கள் மறுக்கவில்லை.

அயர்லாந்தில் ஏன் பலித்தது

சின்னத் தொகை எப்போதும் தோற்கும் என்றும் சொல்லிவிட முடியாது. அயர்லாந்தில் 2002 மார்ச்சில் பிளாஸ்டிக் பைக்கு 15 சென்ட் வரி போட்டார்கள். பையின் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. 15 சென்ட் யாரையும் ஏழையாக்காத தொகைதான்.

வித்தியாசம் சூழலில் இருக்கிறது. கல்லாவில் நிற்பவருக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே பை விஷயத்தில் முன்பு எந்தத் தாட்சண்யமும் இல்லை. இலவசமாக அடுக்கிக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள். எனவே பணம் வந்து கெடுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. அப்புறம், காசு அந்த நிமிடமே, பொருள்களோடு சேர்த்துக் கையிலிருந்து போனது. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பார்க்க, பை வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஹைஃபாவில் பணம் போனது யார் கண்ணிலும் படாமல், மாதக் கடைசியில். ஒரு நாட்டில் பணம் கூச்சத்தைப் புதிதாக உண்டாக்கியது, இன்னொன்றில் இருந்த கூச்சத்தைத் துடைத்தது.

பதிவில் இல்லாதவை

எண்ணியது தாமதமாக வந்தவர்களின் எண்ணிக்கையை. எவ்வளவு நிமிடம் தாமதம் என்பதை வைத்து முடிவு சொல்லப்படவில்லை. முன்பு 4.15-க்கு வந்தவர் இப்போது 4.25-க்கு வந்தாரா என்பது அதனால் நமக்குத் தெரிவதில்லை. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் தளர்ந்தார்களா, ஒரு சிலர் தினமும் தாமதமாக வரத் தொடங்கினார்களா என்பதையும் மொத்த எண்ணிக்கை காட்டாது. நிர்வாகிக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

ஆசிரியைகளின் பக்கமும் விடுபட்டுப் போனது. அபராதம் வந்த பிறகு அவர்கள் வாசலில் எப்படி நின்றார்கள், முன்பு கேட்ட "ஸாரி, லேட்டாகிவிட்டது" அப்போதும் கேட்டதா என்பதையெல்லாம் யாராவது குறித்திருந்தால் இரண்டு விளக்கங்களில் எது பலமானது என்று சொல்ல வழி கிடைத்திருக்கும். நீக்கத்துக்குப் பிறகான கண்காணிப்பும் 4 வாரம்தான். பழைய நிலை ஒருபோதும் திரும்பாது என்று அதிலிருந்து சொல்வது, கதை சொல்பவர்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்டது.

எதை மாற்றியிருக்கலாம்

இதை ஆய்வாக எடுத்துக்கொள்ளாமல், தாமதத்தைக் குறைக்க நினைத்த ஒரு நிர்வாகியின் இடத்திலிருந்து பார்த்தால், முதலில் மாற்ற வேண்டியது வேளை. வருட நடுவில், பலகையில் ஒட்டி, பாதியில் புகுத்தியதால் அபராதம் ஒரு செய்தியாகிவிட்டது. சேர்க்கையின்போது ஒப்பந்தத்திலேயே இருந்திருந்தால், 4 மணி என்பதைப் போல அதுவும் ஒரு விதி, அவ்வளவே. அப்போதும் அது முதல் விளைவாகத்தான் எழுதப்பட வேண்டும், கடைசி விளைவாக அல்ல: இத்தனை முறைக்கு மேல் தாமதமானால் நிர்வாகியோடு நேரில் பேச வேண்டும், அதற்கு மேலும் தொடர்ந்தால் இடத்தை மறுபரிசீலனை செய்வோம் என்பது போல. அதற்கு மேல் என்ன என்ற கேள்வியை மூடிவிடக் கூடாது.

4.10-க்கு ஒரே தொகை என்பதற்குப் பதிலாக ஒவ்வொரு 10 நிமிடத்துக்கும் கூடும் தொகை வைத்திருந்தால், தாமதமானவருக்கும் விரைந்து வர ஒரு காரணம் இருந்திருக்கும். காத்திருந்த ஆசிரியையிடமே அன்றைக்கே கொடுப்பது என்று வைத்திருக்கலாம். அதில் ஆபத்தும் உண்டு. அவருக்கு வருமானம்தானே என்ற சமாதானம் பெற்றோருக்குக் கிடைத்துவிடும். குறைந்தபட்சம் அவருடைய நேரம் வீணாகாது.

வேலை காரணமாக உண்மையிலேயே 4 மணிக்கு வர முடியாதவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு அபராதம் தேவையே இல்லை. 4.45 வரை கூடுதல் நேரம், முன்பதிவோடு, நியாயமான கட்டணத்தில் என்று வெளிப்படையாக விற்றிருக்கலாம். அப்போது மற்றவர்களின் 4 மணி 4 மணியாகவே இருந்திருக்கும், அவர்களுடைய தாட்சண்யத்தைத் தொட வேண்டியிருக்காது. பணம் கேட்பதற்கு முன்பு, அடிக்கடி தாமதமாகிற குடும்பங்களை ஆசிரியையே கூப்பிட்டு, "நீங்கள் வரும் வரை நான் வீட்டுக்குக் கிளம்ப முடியவில்லை" என்று சொல்லிப் பார்ப்பது எல்லாவற்றிலும் மலிவான வழி. அதை எந்தக் காப்பகத்திலும் சோதிக்கவில்லை.

கடைசியாக, நீக்கிய விதம். 17-வது வார அறிவிப்பில் காரணம் இல்லாததால் பெற்றோருக்கு அது சலுகையாகத்தான் தெரிந்திருக்கும். அபராதத்தால் தாமதம் கூடியது, ஆசிரியைகள் தினமும் பிந்திப் போகிறார்கள், ஆகவே பழைய முறைக்குத் திரும்புகிறோம் என்று 3 காப்பகங்களிலும், காரணம் சொல்லாமல் மற்ற 3 காப்பகங்களிலும் ஒட்டியிருந்தால், எஞ்சிய 4 வாரங்களில் இரண்டுக்கும் வித்தியாசம் வருகிறதா என்று பார்த்திருக்கலாம். அதற்குத் தேவைப்பட்ட கூடுதல் செலவு ஒரு தாள்.